படிக்கும் காலத்தில் ஒரு சிறு கணினித் தொழில்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். மேடையில் நிற்பது இருவர். மூன்றாமவர் கனடாவில் இருக்கிறார். அங்கே இப்போது நள்ளிரவு. நேற்று வரை வட்ஸ்அப்பில் இதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஆகவே 'நாங்கள்' என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பகுதியில் அது ஏன் இரண்டாகியது என்பதையும் சொல்வோம்.

சங்கம் எங்களுக்குத் தந்த தலைப்பு, பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே தொழில் தொடங்குவது. இந்தத் தலைப்பில் பேசுபவர்கள் வழக்கமாக அமெரிக்காவில் தொடங்குவார்கள். 1975 இல் மைக்ரோசொப்ற்றைத் தொடங்க பில் கேட்ஸ் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தார். 1984 இல் மைக்கல் டெல், ரெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் 1,000 டொலருடன் கணினி விற்கத் தொடங்கி, முதல் வருடத்தோடு படிப்பை விட்டார். 2004 இல் பேஸ்புக்கும் ஒரு விடுதி அறையில்தான் பிறந்தது. இவற்றைக் கேட்டுவிட்டு, படிப்பை விட்டால்தான் தொழில் வெல்லும் என்று நினைக்கும் பிள்ளைகளை நாங்கள் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் பல்கலைக்கழக இடம், இசட் புள்ளியில் சில தசமங்களால் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போன இடம். அதைப் பாதியில் போட்டுவிட்டு வருவது உங்களுடைய தனிப்பட்ட துணிச்சல் மட்டும் அல்ல. அதற்கான விலையில் ஒரு பகுதியை நீங்கள் கண்டிராத ஒருத்தி ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். ஆகவே நாங்கள் தொடங்கியபோதே முடிவு செய்த ஒரே விதி: தொழில் படிப்பை விழுங்கப் பார்த்தால், நிறுத்துவது தொழிலைத்தான்.

நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தோம். 2019 இல், இரண்டாம் வருடத்தில், தலா 10,000 ரூபாய் போட்டோம். மகாபொல அப்போது மாதம் 5,000 ரூபாய். ஆக ஒருவருக்கு இரண்டு மாத மகாபொல. மடிக்கணினிகள் வீட்டில் வாங்கித் தந்தவை. எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தைதான் கந்தோர். தொழிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரத்துக்கு நூற்றாண்டு மலரில் வேறு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் ஒரு தனியார் கல்வி நிலையம். மாதக் கட்டணம் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதைச் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். பார்த்தால் பெரிய வேலை இல்லை. ஆனால் பட்டியலை அகர வரிசையில் போட்டுக் காட்டியபோது, அங்கே கணக்குப் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பிள்ளையள், கமலாவுக்கு முன்னுக்கு ஏன் கனகா நிக்கிறா?" என்று கேட்டார். தமிழ் நெடுங்கணக்கில் ம முன்னால் வரும், ன கடைசி எழுத்து. ஆனால் கணினியின் யூனிகோட் அட்டவணையில் ன, ந வுக்கு அடுத்ததாகவே நிற்கிறது. ற, ர வுக்குப் பக்கத்தில். ழ, ள வுக்குப் பின்னால். எழுத்துகளின் இலக்கத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் எந்த மென்பொருளும் தமிழ்ப் பெயர்களைக் குழப்பித்தான் வைக்கும். அதைச் சரிசெய்யும் துண்டு நிரலை எழுத ஓர் இரவு போனது. அந்தத் துண்டு இன்று வரை எங்களுக்குச் சோறு போடுகிறது.

அடுத்து பாமினி. உங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. பாடசாலைக் கந்தோரில் கேட்டால் தெரியும். இலங்கையில் நீண்ட காலமாகத் தமிழ்க் கடிதங்கள், அழைப்பிதழ்கள், அறிக்கைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். கூகிளில் தேடினாலும் அகப்படாது. இணையத்தளம் வேண்டும் என்று வந்த கடைகளும் மண்டபங்களும் ஆலயங்களும் எங்களிடம் தந்த விபரம் எல்லாம் பாமினியில் இருந்தது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் இடையில் ஆங்கிலச் சொல்லோ தொலைபேசி இலக்கமோ வந்தால் சிலவேளை அதையும் தமிழாக்கி விடும். ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தே ஆக வேண்டும். பெரிய கம்பனிகள் இந்த வேலைக்கு வரமாட்டா. அவர்களுக்கு இதில் காசு இல்லை. எங்களுக்கு இருந்தது.

இனிப் பதிவு. தனியாகவோ கூட்டாகவோ நடத்தும் தொழிலுக்கு வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அந்தப் பத்திரம் இருந்தால்தான் வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்கலாம். கம்பனியாகப் பதிய விரும்பினால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே பங்குதாரருடனும் பதியலாம், ஆனால் கம்பனிச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் செலவு இருக்கிறது. மாணவிக்கு முதலாவது போதும்.

கூட்டுத் தொழில் என்றால் மட்டும் இன்னொரு கடதாசி வேண்டும். கூட்டின் மூலதனம் 1,000 ரூபாயைக் கடந்தால் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எங்கள் 30,000 ரூபாய்க்கும் அது பொருந்தும். எங்களில் ஒருவரின் மாமா சட்டத்தரணி. அவர்தான், "சிநேகிதியள் எண்டால் கட்டாயம் எழுதுங்கோ" என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு பக்கம் எழுதினோம். இலாபம் மூன்று சம பங்கு. ஒருவர் விலகினால் போட்ட காசும் அன்றைய வங்கி மீதியில் மூன்றில் ஒரு பங்கும் அவருக்கு. வாடிக்கையாளர்கள் தொழிலோடு நிற்பார்கள். எழுதும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

படிக்கும் பிள்ளைக்குத் தொழிலில் எது கஷ்டம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசு இல்லை, அனுபவம் இல்லை என்பார்கள். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது நாட்காட்டி. பல்கலைக்கழகத்துக்கு ஓர் அரையாண்டு 15 வாரம். விரிவுரைகளுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. கடைக்காரருக்கு அந்த 15 வாரம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள், தீபாவளி, தை மாதக் கலியாணங்கள். இரண்டும் முட்டும் இடத்தில் நாங்கள் நிற்போம். ஆகவே வருடத் தொடக்கத்தில் இரண்டையும் ஒரே தாளில் எழுதி சுவரில் ஒட்டினோம். பரீட்சைக்கு முந்திய மூன்று வாரமும் புது வேலை ஒப்படைப்பு இல்லை. ஆனால் பழுது வந்தால் பார்க்க ஒருவர் முறை வைத்து நிற்பார். அந்த அரையாண்டில் யாருக்குப் பாடம் இலகுவோ அவர். இதை வாடிக்கையாளரிடம் ஒளிக்கவில்லை. "நாங்கள் படிக்கிற பிள்ளைகள், இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை புது வேலை செய்யமாட்டோம்" என்று விலைப்பத்திரத்திலேயே அடித்துக் கொடுத்தோம். சிலர் அதைப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போனார்கள். தங்கியவர்கள் பரீட்சை எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வி இருந்தது. ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டு, முற்பணம் எழுதப் பேனாவை எடுத்த பிறகு கேட்டார்: "எல்லாம் சரி பிள்ளையள். நாளைக்கு நீங்கள் கலியாணம் கட்டிக்கொண்டு போனால் இதை ஆர் பாக்கிறது?"

எங்கள் வகுப்புப் பையன்களும் அப்போது தொழில் செய்தார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலர் இன்று அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தால் கேள்வி சரியான கேள்விதான். கேட்கப்பட்ட ஆட்களில்தான் பக்கச்சார்பு. அதே கடைக்காரர் முன்பு ஒருவரைக் கொண்டு இணையத்தளம் செய்வித்திருக்கிறார். செய்தவர் தள முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். வருடக் கட்டணம் கட்ட ஆள் இல்லாமல் முகவரி பறிபோனது. கடைப் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சடித்த முகவரி.

அந்தக் கிழமைதான் நாங்கள் 'ஒப்படைப்புக் கோவை' என்று ஒன்றைத் தொடங்கினோம். தள முகவரி முதல் நாளே வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதியப்படும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் அவருடைய பெட்டகத்தில். தரவுகளை எப்படி நகலெடுப்பது, பழுதானால் முதலில் எதைப் பார்ப்பது என்பது எளிய தமிழில் நாலு பக்கம். நிரல்களும் அவருக்கு ஒரு பிரதி. மென்பொருளும் ஓர் ஆக்கமாகவே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே எது அவருக்குச் சொந்தம், எந்தப் பகுதியை நாங்கள் மற்ற வேலைகளுக்கும் பாவிப்போம் என்பதையும் எழுதினோம். நாங்கள் மூவரும் நாளைக்கே கலியாணம் கட்டிக்கொண்டு போனாலும், அந்தக் கோவையைக் கணினி படித்த எவரிடமும் கொடுத்து வேலையைத் தொடரலாம். "இப்படிக் கொடுத்தால் அவர்கள் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்களே" என்று எங்கள் வகுப்பில் சிரித்தார்கள். கோவையை எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனவர்கள் இதுவரை இருவர்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பில் கேட்ஸை விட அவர் எங்களுக்கு உதவினார். ஸ்டெபனி ஷேர்லி, 1939 இல் ஐந்து வயதில் நாஸிகளிடமிருந்து தப்பி, பெற்றோர் இல்லாமல், பிள்ளைகளை ஏற்றி வந்த புகைவண்டியில் இங்கிலாந்துக்கு வந்தவர். 1962 இல் 6 பவுணுடன் மென்பொருள் எழுதும் தொழிலைத் தொடங்கினார். கலியாணத்துக்குப் பிறகு அல்லது பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்களை வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். கணினியே அரிதான காலம். தாளில் எழுதி அனுப்புவார்கள். அவருடைய முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்களும் அவர்களே. தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்று 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போடத் தொடங்கினார், பதில் வந்தது. தொலைபேசி எடுக்கும்போது பிள்ளையின் சத்தம் கேட்காதபடி தட்டச்சுச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து ஓட விடுவாராம். கலியாணம் கட்டினால் ஆர் பார்ப்பது என்ற கேள்விக்கு, கலியாணம் கட்டியவர்களே பார்ப்பார்கள் என்று அறுபது வருடங்களுக்கு முன்பே பதில் சொன்னவர். நாங்கள் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போடவில்லை. விறாந்தையில் சேவல் கூவினால் கூவட்டும் என்று விட்டுவிட்டோம்.

2022 ஐப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அப்போது நாங்கள் இறுதி வருடம். ஆய்வு அறிக்கை எழுதும் நேரம். எங்களிடம் பதினொரு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் வருடம் 20,000 ரூபாய் தருவார்கள். அவர்களுடைய தளங்களை வைத்திருக்கும் சேர்வருக்குத் தளம் ஒன்றுக்கு வருடம் 60 டொலர் நாங்கள் கட்ட வேண்டும். மாணவிகளுக்குக் கடனட்டை தரமாட்டார்கள். சித்தி ஒருவரின் அட்டையில் கட்டி, ரூபாயைக் கையில் கொடுத்துக் கொப்பியில் எழுதுவோம். வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடலாமே என்றால், பேபாலில் அப்போது இங்கிருந்து பணம் அனுப்ப முடிந்ததே தவிர பெற முடியவில்லை. ஆக வரவு ரூபாயில், செலவு டொலரில். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஒரு தளத்துக்கு 12,000 போக எங்களுக்கு 8,000 மிஞ்சும். மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டது. அதே 60 டொலர் 21,600. தளம் ஒன்றுக்கு 1,600 ரூபாய் நாங்கள் கையிலிருந்து போட வேண்டும். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கடைகளில் சாமான் இல்லை. அந்த நேரத்தில் போய் விலையைக் கூட்டிக் கேட்க எந்த வாய் வரும்? கேட்காவிட்டாலும் எங்களால் கட்ட முடியாது. மூடிவிடுவோம், படிப்பாவது மிஞ்சட்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். எங்களுடைய விதியும் அதைத்தான் சொன்னது.

கடைசியில் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பதினொரு தளங்களுக்கும் தனித்தனியாக 660 டொலர் கட்டுவதற்குப் பதிலாக, சிங்கப்பூரில் மாதம் 20 டொலர் வாடகைக்கு ஒரே சேர்வரை எடுத்து எல்லாவற்றையும் அதில் வைத்தால் வருடம் 240 டொலர். ஆனால் தனித்தனி வாடகையில் பாதுகாப்பும் நகலெடுப்பும் வாடகைக்குத் தருபவரின் பொறுப்பு. ஒரே சேர்வரில் எல்லாம் எங்கள் தலையில். செலவு குறையும், நித்திரையும் குறையும். எல்லோருக்கும் கடிதம் எழுதினோம்: இந்த வருட விலை கூடாது, அடுத்த வருட விலை டொலரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும், இதோ கணக்கு. மின்சாரம் இருக்கும் நேரப் பட்டியலைப் பார்த்து ஓர் இரவுக்கு ஒரு தளமாக மாற்றினோம். பகலில் ஆய்வு அறிக்கை. பதினொருவரில் ஒருவர் கடையையே மூடினார். மற்றப் பத்துப் பேரும் நின்றார்கள். ஹாட்வெயார் கடை முதலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வருடக் காசையும் சேர்த்துத் தந்தார்.

அந்த வருட முடிவில் எங்கள் மூன்றாமவருக்குக் கலியாணமாகிக் கனடா போனார். இரண்டு பக்க உடன்படிக்கையை வெளியே எடுத்தோம். அதில் எழுதியபடி கணக்குப் பார்த்துக் காசைக் கொடுத்தோம். ஒரு மாலை நேர வேலை. இன்றும் மூவரும் சிநேகிதிகளாக இருப்பதற்கு எங்கள் நல்ல குணம் காரணம் என்று சொல்ல ஆசைதான். அந்த மாமாவின் பிடிவாதமும் காரணம்.

பட்டம் பெற்றதும் கொழும்பிலிருந்து வேலைக் கடிதங்கள் வந்தன. அந்த மாதச் சம்பளம் எங்கள் தொழில் மூன்று மாதத்தில் தந்ததை விடக் கூட. வீட்டில் கேட்டார்கள், அயலில் கேட்டார்கள். இருவரும் போனால் தொழில் முடிந்தது. ஒருவர் போனார். ஒன்றரை வருடம் வீட்டிலிருந்தே அந்தக் கம்பனிக்கு வேலை செய்தார். பெரிய குழுவில் நிரலை எப்படிப் பரிசோதிக்கிறார்கள், எப்படி ஆவணப்படுத்துகிறார்கள் என்று படித்துக்கொண்டு திரும்பி வந்தார். இப்போது எங்களோடு நால்வர் வேலை செய்கிறார்கள், இருவர் கைக்குழந்தைத் தாய்மார். அவர்களுக்குச் சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தொழில் கொள்வோர் என்ற முறையில் நாங்கள் கட்டுகிறோம். 50,000 ரூபாய் சம்பளம் என்றால் மேலும் 7,500 ரூபாய். ஆள் எடுக்கு முன்னர் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் இது பாடத்தில் வராது.

எங்களுக்குத் தந்த நேரம் முடிகிறது என்று செயலாளர் அக்கா கையைக் காட்டுகிறார். ஒரு விடயம் மட்டும். சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் யூனிகோட்டுக்கு மாற்றித் தரும்படி எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி பாமினி, அதற்கு முந்தியவை கையெழுத்துப் பிரதிகள். வரி வரியாகப் பார்க்க நான்கு பேர் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள் மட்டும் வரலாம். கூலி உண்டு, அதை எழுத்தில் தருவோம். விருப்பமானவர்கள் இன்று மதியத்துக்கு முன்னர் கணினி அறையில் பெயரைக் கொடுங்கள். கேள்விகளையும் அங்கேயே கேட்கலாம்.